ஐந்தடி அமுங்கிய மாளிகை: வேல்ஸின் எர்த்திக் வீடும் தோட்டமும்

பழங்கணக்கு

பழைய மாளிகைகளைப் பற்றி இங்கே யார் எழுதினாலும் கடைசியில் எத்தனை அறை, எத்தனை ஏக்கர் என்பதில் போய் நின்றுவிடுகிறது. எர்த்திக்கை அப்படிச் சொல்லி முடிக்க முடியாது என்பதால் இந்தத் தனி இழை.

இடம் வேல்ஸின் வடகிழக்கு மூலை, ரெக்ஸம் ஊரை ஒட்டி. 1684-இல் ஜோஷுவா எடிஸ்பரி என்பவர் கட்ட ஆரம்பித்தார். டென்பிஷயர் மாவட்டத்துக்கு ஷெரீஃபாக, அதாவது அரசரின் பிரதிநிதியாக இருந்தவர். கட்டுமானப் பொறுப்பு தாமஸ் வெப் என்பவரிடம். 1687 வாக்கில் நடுக்கட்டு எழுந்துவிட்டது, கூடவே கடனும் எழுந்துவிட்டது. எடிஸ்பரி திவாலாகி வெளியேற, ஜான் மெல்லர் என்ற லண்டன் வக்கீல் வாங்கினார். சான்சரி நீதிமன்றத்தில் பெரிய பதவியில் இருந்தவர், கையில் காசு புழங்கியது. 1720-களில் வீட்டின் இரண்டு பக்கமும் நீட்டிக் கட்டி, லண்டனில் கிடைத்த நல்ல சாமான்களாக வாங்கிக் குவித்தார். வெள்ளி பூசிய நாற்காலிகள், ஆளுயரக் கண்ணாடிகள், சீனப் பட்டில் பூவேலை செய்த பெரிய கட்டில் ஒன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1733-இல் இறந்ததும் சொத்து மருமகன் சைமன் யார்க்குக்குப் போனது. மருமகன் என்றால் சகோதரி மகன்.

அதிலிருந்து 1973 வரை 240 வருஷம் ஒரே குடும்பம். உரிமையாளர் ஒவ்வொருவர் பெயரும் சைமன் அல்லது ஃபிலிப்தான், மூன்றாவது பெயரே கிடையாது. யார்க் குடும்பத்தார் எதையும் தூக்கிப் போடாதவர்கள். ரசீது, சம்பளக் கணக்கு, உடைந்த நாற்காலி, ஓடாத வண்டி என எல்லாம் உள்ளேயே கிடந்தது.

என் கட்சி இதுதான்: எர்த்திக்கைக் காப்பாற்றியது காசில்லாமை. காசு இருந்திருந்தால் ஒவ்வொரு தலைமுறையும் நாகரிகத்துக்கு ஏற்றபடி இடித்துக் கட்டியிருக்கும். மெல்லருக்குப் பிறகு அந்த அளவுக்குச் செலவு செய்தவர் யாருமில்லை. அதனால் மெல்லர் வாங்கிப் போட்டது அப்படியே மிஞ்சியது, அவர் போட்ட தோட்டம் உட்பட.

சோளக்கொல்லை

நல்ல இழை. ஷெரீஃப் ஒருவர் வீடு கட்டித் திவாலானது எப்படி? நம்ம ஊரில் வீடு கட்டி ஆண்டியானவர்கள் உண்டு, ஆனால் அங்கே பதவியும் நிலமும் இருந்ததே?

கோட்டைச்சுவர்

சோளக்கொல்லை, அந்தக் கதையில் சென்னைக்கும் பங்கு உண்டு.

எடிஸ்பரியின் பக்கத்துக்காரர்கள் யேல் குடும்பம். அவர்களுடைய ப்ளாஸ் க்ரோனோ என்ற வீடு எர்த்திக்குக்கு அருகிலேயே இருந்தது, 19-ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டார்கள். அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான் எலிஹு யேல். 1672-இல் கிழக்கிந்தியக் கம்பெனி எழுத்தராகச் சென்னைக்கு வந்து, 1687 முதல் 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டை கவர்னராக இருந்தவர். கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயப் பதிவேட்டில் முதல் திருமணம் இவருடையதுதான், 1680-இல். கடலூர் பக்கம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து கம்பெனிக்கு வாங்கியதும் இவர் காலத்தில்தான். கம்பெனிக் காசில் சொந்த வியாபாரம் செய்தார் என்ற புகாரில் பதவி போனது. போனால் என்ன, சேர்த்தது சேர்த்ததுதான். 1699-இல் ஊர் திரும்பியபோது பெரும் பணக்காரர்.

1682-இல் சென்னையிலிருந்து எடிஸ்பரி வீட்டுக்கு ஓர் அன்பளிப்பு அனுப்பினார். சீன அரக்கு வேலை செய்த மடிப்புத் திரை, ஆளுயரம் இருக்கும், கறுப்பு அரக்கில் செதுக்கி வண்ணம் தீட்டியது. அது இன்னும் எர்த்திக்கில் நிற்கிறது. அன்பளிப்போடு நின்றிருந்தால் நல்லது. எடிஸ்பரி யேலிடம் கடனும் வாங்கினார். வீட்டை முழுக வைத்த கடன்காரர்களில் யேலும் ஒருவர். ஆக, சென்னைக் கரையில் சம்பாதித்த காசு ஒரு வேல்ஸ் மாளிகைக்குத் திரையாகவும் போனது, அதன் முதலாளியை வெளியே அனுப்பவும் உதவியது.

யேல் 1721-இல் இறந்தார். ரெக்ஸம் செயின்ட் கைல்ஸ் தேவாலய முற்றத்தில் கல்லறை. பிறந்தது அமெரிக்கா, வளர்ந்தது ஐரோப்பா, மணம் முடித்தது ஆசியா என்று அதன்மேல் பாட்டாகவே எழுதியிருக்கிறார்கள்.

சோளக்கொல்லை

அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த அதே யேலா?

கோட்டைச்சுவர்

அதே ஆள். ஒன்பது பொதி சரக்கும் கொஞ்சம் புத்தகமும் ஒரு ராஜா படமும் அனுப்பினார், பெயர் நிலைத்துவிட்டது. சென்னையிலிருந்து அடிமைகளைக் கப்பலேற்றிய காலத்தில் கவர்னர் நாற்காலியில் இருந்தவர் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். அது தனி இழைக்கான விஷயம், இங்கே இழுக்கவில்லை.

மண்வெட்டி

வீட்டை விடுங்கள், தோட்டத்துக்கு வருவோம். பழங்கணக்கு ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டார்.

மெல்லர் போட்ட தோட்டம் நேர்கோட்டுத் தோட்டம், டச்சு பாணிச் சாயல் உள்ளது. வீட்டின் கிழக்கு முகத்திலிருந்து நடுவில் நீளமாக ஒரு பாதை. இரண்டு பக்கமும் செங்கல் மதில். பாதை போய் முடியும் இடத்தில் நேர்க்கால்வாய் ஒன்று, அதன் கரைகளில் வரிசையாக லைம் மரங்கள். (நம்ம எலுமிச்சை இல்லை, இது குளிர்நாட்டு நிழல் மரம்.) கால்வாயின் மறுகோடியில் இரும்புக் கதவு. கையால் அடித்துச் சுருள் சுருளாக வளைத்த வேலை, அந்த வட்டாரத்தில் பேர்போன டேவிஸ் சகோதரர்களுடைய பட்டறை பாணி. அந்தக் கதவு முதலில் எர்த்திக்குக்குச் செய்ததில்லை, பக்கத்தில் ஸ்டான்ஸ்டி என்ற இடத்திலிருந்து பிற்பாடு கொண்டுவந்து வைத்தது.

மதிலைக் கவனியுங்கள். அந்தக் குளிரில் பிளம், ஏப்ரிகாட், பேரி எல்லாம் காய்க்க வேண்டுமானால் சூடு வேண்டும். பகலில் செங்கல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி மெல்ல விடும். அதனால் மரத்தைச் சுவரோடு சுவராகத் தட்டையாக வளர்க்கிறார்கள். கிளைகளை இளசாக இருக்கும்போதே இரண்டு பக்கமும் கைவிரித்த மாதிரி இழுத்துக் கட்டி, முன்னால் நீட்டும் கொம்பையெல்லாம் வருஷா வருஷம் கழித்துவிடுவது. மரத்துக்கு ஆழமே இருக்காது, நீளமும் உயரமும்தான். பூக்கும் நேரத்தில் பனி அடித்தாலும் சுவர்ச் சூட்டில் கொஞ்சம் பிழைத்துக்கொள்ளும்.

மெல்லர் காலத்தில் எந்தச் சுவரில் எந்தப் பழமரம் நின்றது என்ற பட்டியலும் குடும்பக் காகிதத்தில் கிடைத்தது. தூக்கிப் போடாத குடும்பம் என்று பழங்கணக்கு சொன்னது இங்கே கைகொடுத்தது. 1740 வாக்கில் தாமஸ் பேட்ஸ்லேட் என்பவர் வீட்டையும் தோட்டத்தையும் பறவைப் பார்வையில் வரைந்த செதுக்குப் படம் வேறு இருக்கிறது. 1970-களில் தோட்டத்தைத் திருத்தியபோது அந்தப் படத்தை விரித்து வைத்துக்கொண்டுதான் மறுபடி நட்டார்கள்.

கருவேலம்

ஒரு சந்தேகம். 18-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் இங்கிலாந்து முழுக்க நேர்கோட்டுத் தோட்டங்களைத் தோண்டி எறிந்துவிட்டு, புல்வெளியும் வளைந்த ஏரியுமாக 'இயற்கை' செய்தார்களே, கேபபிலிட்டி பிரவுன் வகையறா. எர்த்திக் மட்டும் எப்படித் தப்பியது? 'காசில்லை' என்பது போதுமான பதிலாகத் தெரியவில்லை. அந்தக் காலத்து யார்க் ஒன்றும் ஏழை இல்லையே.

மண்வெட்டி

சரியான கேள்வி. இந்த இடத்தில் பழங்கணக்கின் கட்சி கொஞ்சம் ஆடுகிறது.

முதலாம் ஃபிலிப் யார்க் (1743–1804) வில்லியம் எம்ஸ் என்ற தோட்டக்கலைஞரை வரவழைத்தார். எம்ஸ் பிரவுன் வழியில் வேலை செய்தவர், போவிஸ் கோட்டையிலும் சர்க் கோட்டையிலும்கூட வேலை பார்த்திருக்கிறார். எர்த்திக்கில் அவருக்குக் கொடுத்தது வீட்டுக்கு மேற்கே இருந்த சரிவும் பள்ளத்தாக்கும். அங்கே பீச் மரத்தோப்பு வைத்தார் (பழம் தரும் பீச் இல்லை, இது காட்டு மரம்), நடைபாதை போட்டார், ஓடையைத் திருப்பினார். கிழக்கே மதிலுக்குள் இருந்த பழைய தோட்டத்தில் ஃபிலிப் கைவைக்க விடவில்லை. செலவு செய்த ஆள்தான், ஆனால் பழசின் மேல் பிரியம் உள்ளவர். வேல்ஸின் பழைய அரச குலங்களைப் பற்றிப் புத்தகமே எழுதியவர், 1799-இல் வெளிவந்தது. அப்படிப்பட்டவர் தாத்தா காலத்துத் தோட்டத்தை அழிப்பாரா?

எம்ஸ் செய்ததில் எனக்குப் பிடித்தது 1774-இல் கட்டிய 'கப் அண்ட் சாசர்'. ஓடை வந்து வட்டமான ஆழமில்லாத கல்தொட்டியில் பரவுகிறது. தொட்டியின் நடுவே உருளையான பள்ளம். தண்ணீர் சுற்றிலுமிருந்து அந்தப் பள்ளத்தின் விளிம்பைத் தாண்டி உள்ளே விழுகிறது, அடியில் கல்மதகு வழியாக வெளியேறிக் கீழே ஓடையாகவே தொடர்கிறது. அருவி என்றால் மேலிருந்து கீழே பார்ப்போம். இது தரையிலேயே வாய் திறந்து தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கிறது. கீழே ஓடை அரித்துக்கொண்டே போகாமல் தடுப்பதும் அதன் வேலை, அழகுக்கு மட்டும் வைத்ததில்லை.

பழங்கணக்கு

மண்வெட்டி சொன்னது சரிதான், முதலாம் ஃபிலிப்பை விதிவிலக்கு என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டின் மேற்கு முகத்துக்கு ஜேம்ஸ் வயட் என்ற கட்டடக் கலைஞரை வைத்துக் கல் பொருத்தியதும் அவர்தான். 19-ஆம் நூற்றாண்டுக்கு வந்தால் என் பக்கம் வலுக்கும்.

அடுக்களை

எனக்கு எர்த்திக் என்றாலே வேலைக்காரர் படங்கள்தான். முதலாளி படம் எந்த மாளிகையில் இல்லை?

1790-களில் முதலாம் ஃபிலிப், டென்பி ஊர் ஓவியர் ஜான் வால்டர்ஸை வைத்து வீட்டு வேலைக்காரர்களை எண்ணெய் வண்ணத்தில் வரையச் சொன்னார். வேட்டைக் காவலர் ஜாக் ஹென்ஷா, தச்சர் எட்வர்ட் பிரின்ஸ், வீட்டு வேலைக்காரி ஜேன் எப்ரெல். ஜேனை வரைந்தபோது வயது 87. ஒவ்வொரு படத்திலும் ஃபிலிப்பே பாட்டுக் கட்டி எழுத வைத்தார். ஜேனை அந்தப் பாட்டு 'சிலந்திவலை துடைப்பவள்' என்று அழைக்கிறது. பாட்டெல்லாம் ரொம்பச் சுமார் ரகம், எதுகைக்காக எதையும் செய்வார். பின்னால் வந்தவர்களும் விடவில்லை. 1830-இல் இன்னும் சில ஓவியங்கள் சேர்ந்தன. 1852-இல் கேமரா வந்ததும் வேலைக்காரர்கள் கூட்டமாக நின்று, அவரவர் தொழில் சாமானைக் கையில் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் ஃபிலிப் (1849–1922) அந்தப் பாட்டு வியாதியையும் தொடர்ந்தார். அவர் சைவ உணவுக்காரர், சைக்கிள் பைத்தியம்.

1830-இல் வரைந்த தச்சர் தாமஸ் ராஜர்ஸின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். சின்ன வயதில் பன்றி மேய்க்கும் பையனாக வேலைக்கு வந்தவர். கடற்படைக்கு வலுக்கட்டாயமாக ஆள் பிடிப்பவர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போக, யார்க் குடும்பம் தலையிட்டு மீட்டுக்கொண்டு வந்தது.

கருவேலம்

அடுக்களை, படம் வரைந்தது சரி. சம்பளம் எவ்வளவு கொடுத்தார்கள்? சுவரில் மாட்டிப் பாட்டெழுதுவது மலிவான மரியாதை. முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் தோட்டக்காரரைப் பந்தியில் உட்கார வைத்துப் பெருமையாகப் படம் எடுத்துப் போடும் ஆட்களை நாமும் பார்த்திருக்கிறோம். மறுநாள் கூலி உயர்வு கேட்டால் தெரியும்.

அந்தப் படங்களில் ஒன்று கறுப்பினப் பையனுடையது இல்லையா, கையில் ஊதுகொம்போடு? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

அடுக்களை

விடவில்லை, வந்துகொண்டிருந்தேன். அது மற்ற படங்களைவிடப் பழையது, மெல்லர் காலத்தது என்று கருதுகிறார்கள். வண்டி ஓட்டும் சீருடையில் ஒரு கறுப்பின இளைஞர். பாட்டைப் பிற்பாடு ஃபிலிப் சேர்த்திருக்கிறார். அவர் யார், எப்படி ரெக்ஸம் வந்தார், உண்மையிலேயே அந்த வீட்டில் இருந்தாரா என்பதெல்லாம் இன்றுவரை உறுதியாகவில்லை. மற்ற ஒவ்வொருவருக்கும் பெயர், தொழில், வருஷம் இருக்கிற சுவரில் இவர் மட்டும் ஆராய்ச்சிக்குரியவராகவே நிற்கிறார்.

சம்பளத்தைப் பற்றி நீங்கள் சொன்னது நியாயம். தாராளமானவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. படம் மாட்டிய அதே வீட்டில் 1907-இல் நடந்ததையும் கேளுங்கள். சமையலும் வீட்டு நிர்வாகமும் பார்த்த எலன் பெங்கெத் 500 பவுண்ட் திருடிவிட்டார் என்று போலீஸுக்குப் போனார்கள். கடைக்காரர்களுக்குக் கொடுக்கச் சொன்ன காசு போய்ச் சேரவில்லை என்பது புகார். வழக்கு ருதின் நீதிமன்றத்துக்குப் போனது. ஜூரி அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. எஜமானி லூயிசா யார்க் நாட்குறிப்பில் 'திருட்டுச் சமையற்காரி' என்றே எழுதி வைத்தார். எலனுக்கு யாரும் பாட்டெழுதவில்லை.

ஆனாலும் ஒன்று. மற்ற மாளிகைகளில் ஜேன் எப்ரெல் மாதிரி ஒருவர் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. இங்கே அவருடைய முகம் தெரிகிறது. மலிவான மரியாதையாகவே இருக்கட்டும், கிடைத்தது எனக்குப் போதும்.

கருவேலம்

எனக்குப் போதாது. பரவாயில்லை, மேலே போங்கள். கரிக்குழிக் கதை வரும் என்று தலைப்பைப் பார்த்துக் காத்திருக்கிறேன்.

பழங்கணக்கு

ரெக்ஸம் நிலக்கரி வட்டாரம். எர்த்திக்கின் காலடியிலேயே பெர்ஷம் சுரங்கம். யார்க் குடும்பம் வீட்டுக்கு அடியில் மட்டும் வெட்ட விடாமல் தடுத்து வைத்திருந்தது. 1947-இல் சுரங்கங்கள் தேசியமயமாயின. தேசிய நிலக்கரி வாரியத்துக்கு மாளிகையைப் பற்றி என்ன கவலை? வீட்டுக்கு அடியிலிருந்த கரியையும் எடுத்தார்கள். வீடு இறங்க ஆரம்பித்தது. ஒரு முனையில் ஐந்தடி, மறுமுனையில் மூன்றரை அடி. இரண்டு முனையும் ஒரே அளவில் இறங்கியிருந்தால்கூடச் சமாளிக்கலாம், இது கோணலாக இறங்கியது. சுவர் பிளந்தது, கூரைத் தண்ணீர் ஓட வேண்டிய பக்கம் ஓடாமல் வீட்டுக்குள் இறங்கியது. மெல்லரின் சீனப் பட்டுக் கட்டில் இருந்த அறையில் உத்தரம் விரிந்து, மழை நேராகக் கட்டிலின் மேல் விழுந்தது.

அப்போது உரிமையாளர் நான்காம் சைமன், 1922 முதல் 1966 வரை. கல்யாணம் ஆகாதவர், ஆட்களோடு ஒட்டாதவர். மின்சாரம் இழுக்கவில்லை, தொலைபேசி வைக்கவில்லை. குத்தகைக்காரர்களின் கூரை ஒழுகினாலும் அசையமாட்டார், தன் கூரை ஒழுகினாலும் அசையமாட்டார். கருவேலம், இவரைப் பற்றி நீங்கள் என்ன சொன்னாலும் நான் மறுக்கமாட்டேன்.

அவர் 1966-இல் இறக்க, தம்பி மூன்றாம் ஃபிலிப்பிடம் வந்தது. இவர் நேர் எதிர். நாடகக்காரர், பள்ளியில் பாடம் எடுத்தவர், ரம்பத்தை வில்லால் இழுத்து வாசிப்பவர், பழங்காலத்துப் பெரிய சக்கர சைக்கிள் ஓட்டுபவர். அந்த இடிந்த வீட்டில் தனி ஆளாக இருந்துகொண்டு, ஒழுகும் இடத்திலெல்லாம் பாத்திரம் வைத்து, சின்ன ஜெனரேட்டரில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டத்தில் புல் வெட்ட ஆளில்லாததால் ஆடுகளை விட்டுவிட்டார். மெல்லரின் நடுப்பாதையில் ஆட்டுமந்தை.

ஈரத்தரை

(ரொம்ப நாளாகப் படிப்பவன், இப்போதுதான் எழுதுகிறேன்.) அந்தக் காலத்தில் ஏன் இடிக்கவில்லை? போருக்குப் பிறகு நூற்றுக்கணக்கான மாளிகைகளை இடித்தார்களே. 1974-இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இதைப் பற்றியே கண்காட்சி வைத்தார்கள்.

கோட்டைச்சுவர்

ரெக்ஸம் பக்கமே நிறையப் போனது, ஈரத்தரை. ஊரை ஒட்டிய ஆக்டன் மாளிகையை 1950-களில் தரைமட்டமாக்கினார்கள். எம்ரல் மாளிகை 1936-இலேயே போய்விட்டது. அதன் கூடத்து விதானத்தை மட்டும் கிளஃப் வில்லியம்ஸ்-எலிஸ் என்ற கட்டடக் கலைஞர் ஏலத்தில் எடுத்து, வேல்ஸில் தான் உருவாக்கிய போர்ட்மீரியன் என்ற கடலோரக் கிராமத்தில் கொண்டுபோய்ப் பொருத்தினார்.

பழங்கணக்கு

மூன்றாம் ஃபிலிப்புக்கும் வாரிசு கிடையாது. விற்றால் ஒவ்வொரு நாற்காலிக்கும் நல்ல காசு கிடைத்திருக்கும். அவர் விற்கவில்லை. 1973-இல், பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் ட்ரஸ்ட் என்ற அமைப்புக்கு மொத்தமாகக் கொடுத்தார். ஒரே நிபந்தனை, வீட்டிலிருந்து ஒரு சாமானும் வெளியே போகக் கூடாது.

நிலக்கரி வாரியத்திடமிருந்து நஷ்டஈடாக 120,000 பவுண்ட் வந்தது. அதை வைத்து அஸ்திவாரத்துக்குக் கான்கிரீட் முட்டுக் கொடுத்து, சரிந்ததை நிறுத்தினார்கள். மிச்சச் செலவுக்குப் பூங்காவின் ஓரத்தில் 63 ஏக்கர் நிலத்தை வீடு கட்ட விற்றார்கள், ஏறக்குறைய பத்து லட்சம் பவுண்ட். 1977-இல் அப்போதைய இளவரசர் சார்லஸ் திறந்து வைத்தார். வருகிறவர்களை முன்வாசல் வழியாக விடாமல், தச்சுப்பட்டறை, லாயம், சலவை அறை, அடுக்களை என்று வேலைக்காரர் பக்கத்திலிருந்தே உள்ளே விட்டார்கள். அந்தக் காலத்துக்கு அது புதுசு.

கருவேலம்

ஆக, வீட்டைக் காப்பாற்ற 63 ஏக்கரைக் கான்கிரீட்டுக்கு விட்டார்கள். தோட்டப் பிரியர்கள் இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மண்வெட்டி

விற்றது ஊரை ஒட்டிய விளிம்பு நிலம். எனக்கு வருத்தமில்லை. அந்த வீடுகளில் ஊர்க்காரர்கள் குடியிருக்கிறார்கள், எர்த்திக்கின் பூங்காவில் அவர்கள்தான் காலையில் நாயோடு நடக்கிறார்கள். வாட்ஸ் டைக் என்ற பழைய மண்கரை அந்தப் பூங்காவுக்குள்ளேயே ஓடுகிறது, நார்மன் காலத்துக் கோட்டை மேடும் அங்கேதான். அதெல்லாம் விற்ற பகுதியில் சேர்ந்திருந்தால் சண்டைக்கு வந்திருப்பேன்.

தோட்டத்தைத் திருத்தியதில்தான் எனக்கு ஒரு குறை. பேட்ஸ்லேட் படத்தைப் பார்த்து 1740-க்குத் திரும்பப் போனார்கள், சரி. ஆனால் விக்டோரியா காலத்துப் பூப்பாத்திகளையும் விட்டு வைத்திருக்கிறார்கள். தொட்டியில் வைத்த போர்ச்சுகல் லாரல்களைக் காளான் குடை மாதிரி கத்தரித்து வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள், குளிரில் ஆரஞ்சு மரம் தாங்காது என்பதால் ஆரஞ்சு மாதிரி வேஷம். ஐவிக் கொடியில் மட்டும் ஒரு தேசியத் தொகுப்பே இருக்கிறது. எந்த நூற்றாண்டில் நிற்கிறோம் என்று பிடிபடாது.

அடுக்களை

அதில் என்ன குறை? அந்தக் குடும்பமே அப்படித்தானே. ஒன்றையும் எடுக்கமாட்டார்கள், மேலே மேலே சேர்ப்பார்கள். தோட்டமும் வீட்டைப் போலவே இருக்கிறது.

மண்வெட்டி

இது பதிலா, மடக்கா என்று தெரியவில்லை. யோசிக்கிறேன்.

சோளக்கொல்லை

வேல்ஸ் மாளிகை, சென்னை கவர்னர் என்றதும் போவிஸ் கோட்டை என்று நினைத்துத்தான் இழைக்குள் வந்தேன். திப்புவின் கூடாரம் அங்கேதானே?

கோட்டைச்சுவர்

ஆமாம். ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ் 1798 முதல் 1803 வரை சென்னை கவர்னர். திப்பு விழுந்தது, கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது, மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டது, கர்நாடக நவாபின் ஆட்சியைக் கம்பெனி எடுத்துக்கொண்டது, நாலும் அவர் பதவிக்காலத்தில் நடந்தவை. அவர் மனைவி வழியில் வந்ததுதான் போவிஸ். அடுக்கடுக்கான அதன் தோட்டமே தனி அத்தியாயம். இந்த இழையில் கலந்தால் எர்த்திக் காணாமல் போய்விடும், நீங்களே தனியாகத் தொடங்குங்கள். எழுத வருகிறேன்.

ஈரத்தரை

லிவர்பூலில் இருக்கிறேன். ஒரு நாளில் போய்வர முடியுமா? எந்த மாதம் நல்லது?

மண்வெட்டி

தாராளமாக முடியும். ரெக்ஸம் ரயில் நிலையத்திலிருந்து இரண்டு மைல் சுமாருக்குத்தான். தோட்டத்துக்கு என்றால் இரண்டு பருவம்: வசந்தத்தில் கால்வாய்க் கரையில் டாஃபடில் பூக்கும்போது, அல்லது அக்டோபரில் ஆப்பிள் பழுக்கும்போது. அக்டோபரில் ஆப்பிள் விழாவே நடத்துவார்கள், கடையில் கிடைக்காத பழைய ரகங்களையெல்லாம் பார்க்கலாம்.

பழங்கணக்கு

வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள். பெரிய அறைகள் பலவற்றில் இன்றும் மின்விளக்கு கிடையாது. நான்காம் சைமன் வைக்கவில்லை, ட்ரஸ்டும் அப்படியே விட்டுவிட்டது. மூட்டம் போட்ட நாளில் போனால் யேலின் திரை கறுப்பாக ஒரு பலகை மாதிரி தெரியும், அவ்வளவுதான்.

ஈரத்தரை

லிவர்பூலில் இருந்துகொண்டு வெயில் நாளுக்குக் காத்திருக்கச் சொல்கிறீர்கள். சரி, பார்க்கிறேன். யேலின் கல்லறையையும் அதே நாளில் பார்த்துவிடலாமா?

கோட்டைச்சுவர்

ஊருக்கு நடுவில்தான் தேவாலயம், கோபுரத்தைத் தொலைவிலிருந்தே பார்த்துவிடலாம். கல்லறை மேற்குப் பக்கம், கோபுரத்தை ஒட்டியே. பாட்டு வரிகளைப் படம் எடுத்து இங்கே போடுங்கள்.